முதல் சம்பளமும் முதுமையும்: வன்னிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் பன்னிரண்டு வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியதும் நேரே என் மேசைக்குத்தான் வருவார்கள். "அக்கா, இதென்ன 2,400 ரூபா வெட்டியிருக்கு?" அதில் தொடங்கும் பேச்சு வீடு, கல்யாணம், கடன், அம்மாவின் மருந்துச் செலவு என்று எங்கெல்லாமோ போகும். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன, ஆறுதலாக வாசியுங்கள்.

எனக்கு 22 வயது. ஓய்வுகாலத்தைப் பற்றி இப்பவே ஏன் யோசிக்க வேண்டும்?

காசு வளர்வதற்குக் காசைவிடக் காலம்தான் அதிகம் தேவை, அதுதான் காரணம். கமம் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு இது புதிதில்லை. ஐப்பசி மழையோடு விதைத்த வயலும், மழையைத் தவறவிட்டுப் பிந்தி விதைத்த வயலும் ஒரே விதைநெல், ஒரே உரம்தான், ஆனால் சூடடிக்கும்போது மூட்டையை எண்ணிப் பாருங்கள்.

கணக்காகவே சொல்கிறேன். 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சம்பளத்துக்கு ஈபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதியத்துக்கு, உங்கள் பங்கும் முதலாளியின் பங்குமாக மாதம் 6,000 ரூபா போகும். சம்பளம் ஒரு சதம்கூட உயரவில்லை, வட்டி வருடத்துக்கு 9 வீதம் என்றே வைத்துக்கொள்வோம். 22 வயதில் தொடங்கினால் 55 இல் கையில் இருப்பது ஏறத்தாழ 1 கோடியே 29 இலட்சம். 32 இல் தொடங்கினால் அதே 55 இல் ஏறத்தாழ 50 இலட்சம். இடையில் இருக்கும் பத்து வருடத்தில் போட்டிருக்கக்கூடிய காசு வெறும் 7 இலட்சத்து 20 ஆயிரம்தான், ஆனால் முடிவில் குறைவது 79 இலட்சம். அந்தப் பத்து வருடத்தைப் பிறகு எவ்வளவு சம்பளம் எடுத்தாலும் திருப்பி வாங்க முடியாது. 9 வீதத்தில் காசு எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று மனதில் வைத்துக்கொண்டால், பிந்தத் தொடங்குகிறவர் கடைசியாக வரும் இரட்டிப்பை, அதாவது எல்லாவற்றிலும் பெரிய இரட்டிப்பைத்தான் இழக்கிறார் என்பது விளங்கும்.

எங்கட சனம் எத்தனை தரம் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடினது. முப்பது வருடத்துக்குப் பிறகு வரப்போகிற காசை நம்பச் சொல்றீங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருவதில்லை, ஏனென்றால் நானும் அந்த வழியால் நடந்தவள்தான். வன்னியில் நாளைக்கென்று சேர்த்தவர்கள் பலர் அதை நாளைக்குக் காணவில்லை. உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவில் அம்மா ஒரு மா ரின்னுக்குள் சங்கிலியும் காப்பும் வைத்துப் புதைத்துவிட்டு வந்தார். திரும்பிப் போனபோது கிணற்றடி மட்டும்தான் அடையாளம் தெரிந்தது, மற்றதெல்லாம் பற்றையும் குழியும். மூன்று நாள் கிண்டினோம், ரின் கிடைக்கவில்லை.

ஆனால் அதே இடப்பெயர்வில் இன்னொன்றையும் கண்டேன். என் பெரியப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். போரோடு தொழிற்சாலை நின்றது, அவரும் 1990களிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியம்மா அவருடைய ஈபிஎப் துண்டையும் இறப்புச் சான்றிதழையும் இரண்டு சொப்பிங் பைக்குள் சுற்றி, நூலால் கட்டி, இடுப்பில் செருகிக்கொண்டு விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு அங்காலே என்று எல்லா இடமும் கொண்டுதிரிந்தார். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்து அந்தப் பையை அவிழ்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கடதாசி நனைந்து ஒட்டிப்போயிருந்தது, ஓரம் எல்லாம் பூஞ்சணம், ஆனால் நடுவில் தட்டச்சில் அடித்த இலக்கம் வாசிக்கக்கூடியதாக இருந்தது. மீள்குடியேறி இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் காசு வட்டியோடு அவர் பெயருக்கு வந்தது. பெரிய தொகை இல்லை. கிணறு இறைத்துக் கட்டவும் கூரைக்குத் தகரம் போடவும் காணுமாக இருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். எங்களைப் போன்ற இடத்தில் வீட்டுக்குள் இருக்கும் சேமிப்புத்தான் முதலில் அழியும். எங்கோ ஒரு பதிவேட்டில் உங்கள் பெயரோடும் அடையாள அட்டை இலக்கத்தோடும் எழுதப்பட்ட காசு, வீடு எரிந்தாலும் இருக்கும். இந்தப் பதிவை நம்பாமல் மா ரின்னை நம்பச் சொல்லி எங்கள் அனுபவம் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை.

ஈபிஎப், ஈரிஎப் என்று இரண்டு சொல்றாங்க. என்ன வித்தியாசம்?

ஈபிஎப் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்படும், முதலாளி தன் பையிலிருந்து 12 வீதம் போட வேண்டும். 30,000 ரூபாவுக்கு உங்களுடையது 2,400, முதலாளியுடையது 3,600. பிள்ளைகள் வெட்டுப்பட்ட 2,400 ஐத்தான் பார்க்கிறார்கள், பக்கத்தில் சேர்ந்த 3,600 கண்ணில் படுவதில்லை. போட்ட அன்றைக்கே ஒன்றரை மடங்கு மேலதிகமாகச் சேரும் சேமிப்பு வேறெங்கும் கிடையாது. தொழில் திணைக்களம் நிர்வாகத்தைப் பார்க்கிறது, காசை வைத்திருப்பதும் முதலிடுவதும் மத்திய வங்கி.

ஈரிஎப் என்பது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், 1981 இல் தொடங்கியது. இதற்கு உங்களிடம் எதுவும் வெட்ட முடியாது, முதலாளி மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். யாராவது ஈரிஎப்புக்கென்று உங்கள் சம்பளத்தில் கை வைத்தால் அது பிழை, கேளுங்கள்.

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் ஈபிஎப்பை எடுக்கலாம். ஆனால் 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஓய்வுபெறும் வயதை 60 ஆக்கியிருக்கிறது, அதனால் எடுக்கலாம் என்ற வயதில் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை.

மூன்று மாதம் போகட்டும், நிரந்தரமாக்கினால்தான் ஈபிஎப் என்கிறார் கடை முதலாளி. சரியா?

இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. பயிற்சிக்காலம், தற்காலிகம், நாட்கூலி, துண்டுக்கூலி எதுவும் விதிவிலக்கில்லை. ஏ9 வீதியோரம் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை எத்தனை கடைகளில் இந்தப் "பிறகு பார்ப்பம்" நடக்கிறது என்று எனக்குத் தெரியும். "அவர் நல்ல மனுசன் அக்கா, பெருநாளுக்கு உடுப்பும் எடுத்துத் தந்தவர்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். நல்ல மனுசனாகவே இருக்கட்டும். உடுப்பு கிழிந்துபோகும், மாதம் 3,600 ரூபா உங்கள் முதுமைக்குச் சேர வேண்டிய காசு.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. கையில் தருவது 45,000, ஆனால் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 30,000, மிச்சம் ஏதோ ஒரு படி என்று எழுதி, ஈபிஎப்பை அடிப்படைக்கு மட்டும் கட்டுவார்கள். சட்டப்படி வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம், சாப்பாடு தந்தால் அதன் பெறுமதி எல்லாம் கணக்கில் வர வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு மட்டும் வராது. சம்பளச் சீட்டை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

வெட்டுகிறார்கள். ஆனால் உண்மையில் கட்டுகிறார்களா என்று எப்படித் தெரியும்?

தேடிப் பாருங்கள், நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். ஒரு மாதத்துக்குரிய காசை அடுத்த மாதம் முடிவதற்குள் முதலாளி கட்ட வேண்டும், பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. உங்கள் மீதியைத் தொலைபேசிக் குறுஞ்செய்தி மூலமும் இணையத்திலும் பார்க்கப் பதிவு செய்துகொள்ளலாம். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று கிளிநொச்சியிலேயே இருக்கிறது, கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை.

நான் முதன்முதலில் வேலை செய்த இடத்தில் ஏழு மாதம் எங்கள் சம்பளத்தில் வெட்டினார்கள், ஒரு ரூபாவும் கட்டவில்லை. எனக்கு அப்போது 21 வயது, கேட்கப் பயம். கூட வேலை செய்த ஒரு அண்ணாதான் தொழில் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார், விசாரணை வந்தது, காசும் கட்டப்பட்டது. முறைப்பாடு செய்தவரின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம், அதற்கு இடம் இருக்கிறது. இன்றுவரை நான் வருடத்துக்கு இரண்டு தடவை என் மீதியைப் பார்ப்பேன், சம்பளச் சீட்டுகளைக் கொப்பி உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

வேலை மாறினால்?

ஒவ்வொரு இடத்திலும் புது அங்கத்துவ இலக்கம் விழும். பழைய காசு எங்கேயும் போகாது, வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லா இலக்கங்களையும் எழுதி வையுங்கள், பிறகு அடையாள அட்டை இலக்கத்தோடு ஒன்றாக இணைத்துக்கொள்ளலாம். வேலையை விடும்போது ஈரிஎப்பை எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. எடுக்கலாம் என்பதற்காக எடுத்துப் புதுப் போன் வாங்காதீர்கள், வேலை இல்லாத இடைவெளியில் சாப்பாட்டுக்குத் தேவையென்றால் அது வேறு.

பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடையும் உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நான்கு வருடம் பத்து மாதத்தில் கோபித்துக்கொண்டு விலகிய தம்பி ஒருவனை எனக்குத் தெரியும். இரண்டு மாதம் பொறுத்திருக்கலாம்.

காமென்ட்டில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், எட்டு வருடம் வேலை செய்தேன். இப்போது கல்யாணம், வேலையை விடப்போகிறேன். ஈபிஎப்பை எடுக்கலாமா?

எடுக்கலாம், பெண்கள் கல்யாணத்துக்காக வேலையை விடும்போது எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பேன்.

20 வயதில் வந்து 28 இல் விலகும் பிள்ளையை எடுப்போம். மாதம் 6,000 போயிருந்தால், 9 வீத வட்டியில், விலகும்போது கிடைப்பது ஏறத்தாழ 7 இலட்சத்து 94 ஆயிரம். அதை அப்படியே விட்டுவிட்டால், இனி ஒரு ரூபாவும் போடாமலேயே, 50 வயதில் ஏறத்தாழ 52 இலட்சத்து 87 ஆயிரம். அறிவியல் நகரிலும் புதுக்குடியிருப்பிலும் காலை ஐந்தரைக்குக் கம்பனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய எட்டு வருடத்தின் உழைப்பு அது. ஆனால் நான் கண்ட பெரும்பாலான வீடுகளில் அந்தக் காசு மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிளுக்கும் போனது.

எங்கள் பக்கத்தில் கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் பெயரில், நீங்கள் உழைத்து, வேறு யாரும் கையெழுத்திட்டு எடுக்க முடியாத காசு ஒன்று இருப்பது எப்படிப்பட்ட பலம் என்று அவர்களிடம் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் "அந்தக் காசு எங்க?" என்று கேட்டால், 50 வயதில்தான் வரும் என்று சொல்லிவிடுங்கள், அதுவும் பொய்யில்லை.

வீடு கட்டப் பாதியில் நிற்கிறது. அதற்கு எடுக்கலாமா?

பத்து வருடம் பங்களிப்புச் செய்து, மீதி 3 இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை எடுக்கலாம், உச்சம் 20 இலட்சம். இதில் நான் கடுமையாக இல்லை. நிலம் உங்கள் பெயரில், உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில், மழைக்கு ஒழுகும் கூரை என்றால் எடுங்கள், முதுமையில் வாடகை இல்லாமல் இருப்பதும் ஓய்வூதியம் மாதிரித்தான். மதிலுக்கும் கேற்றுக்கும் எடுப்பதை மட்டும் வேண்டாம் என்பேன். ஈபிஎப்பைக் காட்டி வங்கியில் வீட்டுக்கடன் எடுக்கும் வழியும் உண்டு, கட்டாமல் விட்டால் வங்கி உங்கள் ஈபிஎப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள்.

2022 மாதிரிச் சாமான் விலை ஏறினால் சேர்த்த காசு கடதாசிதானே?

சரியான பயம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், அந்த வருடத்துக்கு ஈபிஎப் தந்த வட்டி 9 வீதம். அந்த வருடத்தில் எல்லாருடைய சேமிப்பும் சுருங்கியது, இதை மூடி மறைத்து ஆலோசனை சொல்ல எனக்கு மனமில்லை. 2023 க்கு 13 வீதம் தந்தார்கள், அதற்குள் விலையேற்றம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது, ஆனால் ஏறிய விலை இறங்கவில்லை.

மேலே சொன்ன 1 கோடியே 29 இலட்சத்தையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். மத்திய வங்கி இலக்காக வைத்திருக்கும் 5 வீதப் பணவீக்கம் 33 வருடம் தொடர்ந்தால், அந்தத் தொகை இன்றைய காசில் ஏறத்தாழ 26 இலட்சத்துக்குத்தான் சமம். போதுமா? இருபது வருட முதுமைக்குப் போதாது. சம்பளம் கூடக்கூட பங்களிப்பும் கூடும் என்பது ஒரு ஆறுதல், ஆனால் ஈபிஎப்பை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்பதுதான் இந்தக் கணக்கு சொல்வது. வேறு இடத்திலும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

அந்த வேறு இடம் எது? 2,000, 3,000 ரூபாவை எங்கே போடுவது?

முதலில் மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவு கைக்கெட்டும் சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த அன்றே நிலையான வைப்பை முறிப்பீர்கள். பிறகு ஒரு வருட நிலையான வைப்பு, முடியும்போது வட்டியையும் முதலோடு சேர்த்துப் புதுப்பியுங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கம் முழுப் பொறுப்பு, தபாலகத்திலும் அந்தக் கணக்கில் போடலாம் என்பது உட்கிராமத்தில் இருப்பவர்களுக்கு வசதி. மற்ற வங்கிகளிலும் அனுமதி பெற்ற நிதி நிறுவனங்களிலும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு.

வட்டியில் 10 வீத வரி பிடிப்பார்கள், 2025 ஏப்ரலிலிருந்து. உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். வன்னியில் பெரும்பாலானோர் இதற்குள்தான் வருவார்கள், படிவம் கொடுத்தவர்கள்தான் குறைவு.

மாதம் 5 வீதம் வட்டி, போனில் போட்டால் இரட்டிப்பு, ஆள் சேர்த்தால் கமிஷன் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அம்மா நகைதான் நல்லது என்கிறா. காணியும் விலை ஏறுதே?

அம்மா முழுப் பிழை இல்லை. ரூபா விழுந்தபோது பவுண் விழவில்லை. ஆனால் கழுத்தில் இருக்கும் நகை சேமிப்பாக நிற்பதில்லை, முதல் அவசரத்துக்கே அடகுக்குப் போகும், வட்டி ஏறி மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போகும், விற்கப் போனால் செய்கூலி கழியும். இரண்டு பவுண் இருந்தால் இருக்கட்டும், மாதச் சேமிப்பை எல்லாம் நகையாக்காதீர்கள்.

காணி என்றால், வன்னியில் நிறையக் காணி அனுமதிப்பத்திரக் காணி. விற்கவும் பெயர் மாற்றவும் பிரதேச செயலகத்தின் சம்மதம் தேவைப்படும், வெறும் எழுத்துத் துண்டை நம்பிக் காசு கொடுத்தவர்கள் இன்னும் அலைகிறார்கள்.

சீட்டு?

ஐந்து வருடம் சீட்டுப் பிடித்தேன். ஒரு பொருள் வாங்க, குறுகிய காலத்துக்கு, தெரிந்த பத்துப் பேரோடு என்றால் நல்ல பழக்கம்தான், மாதாமாதம் எடுத்து வைக்கக் கை பழகும். முதுமைக்கு அது இடமில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் சீட்டுக்காசோடு இரவோடிரவாகப் போய்விட்டார், என் 85,000 ரூபாவும் அதில் போனது.

கிழமைக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறேன். சேமிப்பதா, கடனைக் கட்டுவதா?

கடன். யோசிக்கவே வேண்டாம். கிழமைக்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்கும் நுண்கடனின் வட்டி எந்த வைப்பு வட்டியைவிடவும் கூட. ஈபிஎப் தானாகப் போகட்டும், அதற்கு மேல் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாவும் கடனுக்கு. கட்டி முடிந்த கிழமையிலிருந்து அதே தொகையை அதே கிழமையில் வங்கியில் போடுங்கள், ஏற்கெனவே அந்தக் காசில்லாமல் வாழப் பழகியிருக்கிறீர்கள்.

நான் கமம் செய்கிறேன், எனக்கு முதலாளியே இல்லை. தம்பி கடலுக்குப் போகிறான்.

உங்களுக்குத்தான் இந்தப் பக்கம் அதிகம் தேவை, ஏனென்றால் உங்களுக்காக 12 வீதம் போட ஆளில்லை. விவசாயிகளுக்கென்று 1987 இலும் கடற்றொழிலாளருக்கென்று 1990 இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. கமநல சேவை நிலையத்திலும் கடற்றொழில் அலுவலகத்திலும் சேர்வது பற்றிக் கேளுங்கள். ஓட்டோ ஓடுகிறவர், தையல்காரர், கடை வைத்திருப்பவர் போன்ற சுயதொழிலாளருக்கு 1996 இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்கள் உண்டு, பிரதேச செயலகத்தில் அதற்குரிய உத்தியோகத்தர் இருப்பார். 60 வயதிலிருந்து மாதாமாதம் வரும். எவ்வளவு இளமையில் சேர்கிறீர்களோ அவ்வளவு குறைவாகக் கட்டினால் போதும். ஆனால் கிடைக்கும் தொகை சிறியது, அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

மாதச் சேமிப்பு என்ற பேச்சு கமக்காரருக்குப் பொருந்தாது. காலபோக நெல் விற்ற கையோடு, உரக்கடைக் கணக்கும் உழவுக் கூலியும் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வரும் வழியிலேயே பத்தில் ஒன்றை வங்கியில் போட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்த காசு திரும்ப வங்கிக்குப் போனதை நான் கண்டதில்லை. இரணைமடுவில் தண்ணி இருந்து சிறுபோகமும் கிடைத்தால் அதிலும் அப்படியே. மழை பிழைத்த வருடத்தில் போட முடியாவிட்டால் பரவாயில்லை, எடுக்காமல் இருந்தால் காணும்.

அரச வேலை கிடைத்தால் ஓய்வூதியம் வருமே. அதுவரை பொறுத்திருக்கலாம்தானே?

பொறுத்திருங்கள், ஆனால் வேலை செய்துகொண்டு பொறுத்திருங்கள். பட்டம் முடித்து 30 வயது வரை நியமனத்துக்காக வீட்டில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கும். ஓய்வூதியமுள்ள நிரந்தர அரச நியமனம் கிடைத்தால், அதுவரை சேர்ந்த ஈபிஎப்பை எடுத்துக்கொள்ளலாம், ஒரு சதமும் வீணாகாது.

அண்ணன் கனடாவில். அவன் பார்ப்பான் என்கிறா அம்மா.

பார்ப்பார்தான். அவருக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது, பிள்ளைகள் வளர்கிறார்கள், அவரும் ஒருநாள் வேலையை விடுவார். அண்ணனின் காசு அம்மாவின் முதுமைக்கு வரட்டும். உங்களுடையதற்கு உங்கள் பெயரில் ஒன்று வேண்டும்.

அப்பாவும் போருக்கு முன் வேலை செய்தவர். அவருடைய ஈபிஎப் எங்கேயாவது இருக்குமா?

இருக்கலாம், தேடுங்கள். தொழிற்சாலை, கூட்டுத்தாபனம், சங்கக்கடை, தனியார் கம்பனி எதில் வேலை செய்திருந்தாலும் காசு கட்டப்பட்டிருந்தால் அந்தக் கணக்கு இன்னும் இருக்கும். வேலை செய்த இடத்தின் பெயர், ஏறத்தாழ எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, அப்பாவின் முழுப்பெயர் அடையாள அட்டையில் இருக்கிற மாதிரி, பழைய அடையாள அட்டை இலக்கம், கூட வேலை செய்த யாரிடமாவது அந்த வேலைத்தலத்தின் ஈபிஎப் இலக்கம். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். அவர் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழும் உங்கள் பிறப்புச் சான்றிதழும் தேவைப்படும். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலே பல தடவை அலைய வைக்கும், அதனால் சத்தியக்கடதாசி எழுதத் தயாராகப் போங்கள்.

அப்படியே உங்கள் சொந்தப் பின்னுரித்தாளர், அதாவது நீங்கள் இல்லாமல் போனால் அந்தக் காசைப் பெறப் பெயர் கொடுத்திருப்பவர், யார் என்றும் பார்த்துவிட்டு வாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள் அதிகம். மாற்றும் படிவம் ஒரே ஒரு பக்கம், அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.